பழைய சிறுவர் புத்தகம் என்ன விலை பெறும்? கண்டறியும் முழு வழிமுறை

பழையது என்றாலே பெரும் விலை கிடைக்கும் என்று பூட்டி வைப்பவரும், எடைக்குப் போட்டுவிடுபவரும் ஒரே வேலையைத்தான் செய்யத் தவறுகிறார்கள். இருவருமே தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒரு சிறுவர் நூலின் விலையை வயது தீர்மானிப்பதில்லை. அது எந்த அச்சு, எந்த நிலையில் இருக்கிறது, இன்று அதை யாராவது தேடுகிறார்களா என்ற மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நூறு வயதான பாடப்புத்தகம் யாருக்கும் வேண்டாததாகக் கிடக்கலாம். 1997இல் வந்த ஒரு நூல் ஏலத்தில் கோடிகளைத் தொடலாம்.

சிறுவர் நூல்களுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. பெரியவர்களின் நூல்கள் அலமாரியில் வாழ்ந்தன. சிறுவர் நூல்கள் பிள்ளைகளின் கையில் வாழ்ந்தன. கிறுக்கி, கத்தரித்து, வண்ணம் தீட்டி, அட்டையைக் கிழித்து, கடைசியில் தம்பி தங்கைக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால் லட்சக்கணக்கில் அச்சான இதழ்கூட நல்ல நிலையில் கிடைப்பது அரிது. விலை பிறப்பது அந்த அருமையிலிருந்துதான்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மென்மையான பென்சில், குறிப்பேடு, கைப்பேசிக் கேமரா ஆகியவை போதும்.

முதலில், எதையும் சரிசெய்யாதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் கை பரபரக்கும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டத் தோன்றும், அட்டையை ஈரத்துணியால் துடைக்கத் தோன்றும், பைண்டிங் கடைக்குக் கொடுக்கத் தோன்றும். மூன்றும் விலையைக் கெடுக்கும். செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் ஊறிவிடும். பிறகு நிபுணராலும் முழுமையாக எடுக்க முடியாது. ஈரத்துணி பட்டால் அட்டையின் மை கரையும். பைண்டரிடம் போனால் அசல் அட்டை கழன்று, மூன்று பக்க ஓரங்களும் கட்டிங் மெஷினில் வெட்டுப்படும். லேமினேஷன் அதைவிட மோசம், ஏனென்றால் அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. மென்மையான தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூச்சி ஓடும் புத்தகத்தை மட்டும் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் தனியாக வையுங்கள். ராமபாணப் பூச்சி ஒரு புத்தகத்தோடு நிற்காது.

புத்தகத்தின் ஜாதகத்தை எழுதுங்கள்

விலை தேடுவதற்கு முன், உங்கள் கையில் இருப்பது சரியாக எது என்று எழுதிவைக்க வேண்டும். தலைப்பை அட்டையிலிருந்து எழுதாதீர்கள், உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்திலிருந்து எழுதுங்கள். சில நூல்களில் இரண்டும் வேறுபடும். ஆசிரியர், ஓவியர், பதிப்பகம், ஊர், அச்சகத்தின் பெயர், அச்சிட்ட விலை, உயரமும் அகலமும் மில்லிமீட்டரில், பக்க எண்ணிக்கை, அட்டையின் வகை என வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓவியரின் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிறுவர் நூல்களில் பல சமயம் சேகரிப்பாளர் தேடி வருவதே ஓவியருக்காகத்தான். அம்புலிமாமாவில் சங்கர், சித்ரா ஆகியோர் வரைந்த இதழ்களை, கதை தெரியாதவர்கள்கூட படத்துக்காகவே வாங்குகிறார்கள்.

அச்சகத்தின் பெயரும் விடக்கூடாதது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் இந்தியாவில் அச்சான ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர், இடம், வெளியிட்டவர் ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பழைய தமிழ் நூல்களில் இந்த வரி பெரும்பாலும் தலைப்புப் பக்கத்தின் பின்னாலோ கடைசிப் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் இருக்கும். ஆண்டு அச்சிடாத நூலில்கூட அச்சகத்தின் முகவரியை வைத்துக் காலத்தை நெருங்கலாம்.

ஆங்கில நூலாக இருந்தால்: எந்த அச்சு?

தவறுகள் மிக அதிகமாக நடக்கும் இடம் இது. பதிப்புரிமை ஆண்டு வேறு, உங்கள் படி அச்சான ஆண்டு வேறு. பீட்டர் ராபிட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்ரிக்ஸ் பாட்டர் 1901 டிசம்பரில் தம் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். உள்ளே படங்கள் கறுப்பு வெள்ளை. 1902இல் பிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. அதன்பின் வந்த எண்ணற்ற மறு அச்சுகளிலும் பதிப்புரிமை ஆண்டு 1902 என்றே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘1902 பதிப்பு’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சான அந்தச் சிறிய வெள்ளை அட்டைப் புத்தகத்துக்கு ஒரு சாதாரண பழைய புத்தகத்தின் விலைதான்.

சரியான முறை இது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் ஓர் எண்வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். 10 9 8 7 6 5 4 3 2 1 என்று இருந்தால், அதில் உள்ள மிகச்சிறிய எண்ணே அச்சின் எண். 1 இருந்தால் முதல் அச்சு. மிகச்சிறிய எண் 4 என்றால் நான்காம் அச்சு. வரிசை சில நூல்களில் இறங்குமுகமாக இருக்கும், சிலவற்றில் ஒற்றைப்படை இடப்பக்கமும் இரட்டைப்படை வலப்பக்கமுமாகச் சிதறியிருக்கும். எப்படி இருந்தாலும் சிறிய எண்ணைப் பாருங்கள். விதிவிலக்கும் உண்டு. ராண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள் முதல் அச்சில் ‘முதல் பதிப்பு’ என்ற வரியைப் போட்டு, எண்வரிசையை 2 என்ற எண்ணிலிருந்து தொடங்கியது. அங்கே 2 இருப்பதைப் பார்த்து இரண்டாம் அச்சு என்று ஒதுக்கினால் நட்டம் உங்களுக்கு.

எண்வரிசை பரவலானது கடந்த நூற்றாண்டின் பின்பாதியில்தான். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நூல்கள் ‘முதல் வெளியீடு 1942, இரண்டாம் அச்சு 1943’ என்று வரிசையாகப் பட்டியலிடும். பட்டியலில் முதல் வரி மட்டும் இருந்தால்தான் முதல் அச்சு. நம் வீடுகளில் அதிகம் கிடைக்கும் எனிட் பிளைட்டன் நூல்களுக்கு இந்தப் பார்வை மிக முக்கியம். ஃபேமஸ் ஃபைவ் வரிசையின் முதல் நூல் 1942இல் ஹாடர் அண்ட் ஸ்டவுட்டன் வெளியிட்டது. பின்னாளில் டீன் அண்ட் சன் போன்றோர் மலிவுப் பதிப்புகளாக ஏராளமாக அச்சிட்டனர். படமும் கதையும் ஒன்றுதான், விலை ஒன்றல்ல.

ஹாரி பாட்டர் முதல் நூலை நெருக்கமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஓர் அச்சை அடையாளம் காணும் முறை முழுவதும் அதில் தெரியும். 1997 ஜூனில் ப்ளூம்ஸ்பரி கெட்டி அட்டையில் முதல் அச்சாக 500 படிகள் வெளியிட்டது. அதன் அடையாளங்கள்: எண்வரிசை 10 முதல் 1 வரை முழுதாக இருக்கும். பதிப்புரிமை வரியில் ஆசிரியர் பெயர் முதலெழுத்துகளாக இல்லாமல் ‘ஜோவன் ரௌலிங்’ என்று இருக்கும். 53ஆம் பக்கத்தில் பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் ‘ஒரு மந்திரக்கோல்’ என்ற வரி தொடக்கத்திலும் இறுதியிலும் இரண்டு முறை வரும். பின்னட்டையில் நூல் தலைப்பின் நீண்ட சொல்லில் ஓர் ‘ஓ’ எழுத்து விடுபட்டிருக்கும். இந்த நூலுக்கு அட்டையின் மேல் போர்த்தும் தனித் தாள் மேலுறை கிடையாது, படம் அட்டையிலேயே அச்சானது. ஆகவே ‘அசல் மேலுறையோடு முதல் அச்சு’ என்று யாராவது விற்றால் விலகிப் போங்கள். எல்லா அடையாளங்களும் ஒரே படியில் சேர்ந்திருக்க வேண்டும். பிழை ஒன்று இருக்கிறது என்பதற்காக முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மிகச் சிறந்த நிலையில் இருந்த இத்தகைய படி ஒன்று 2021 டிசம்பரில் ஹெரிட்டேஜ் என்ற அமெரிக்க ஏல நிறுவனத்தில் 4,71,000 டாலருக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பலரும் தங்கள் பேப்பர்பேக்கை எடுத்துப் பார்த்தார்கள். எண்வரிசை 30 என்ற எண்ணில் முடிந்தால் அது முப்பதாம் அச்சு. படித்து மகிழலாம், அவ்வளவுதான்.

கெட்டி அட்டை ஆங்கில நூல்களில் தாள் மேலுறை இருப்பது விலையைப் பல மடங்காக்கும். பிள்ளைகள் முதலில் கிழித்துப் போடுவது அதைத்தான். 1937இல் 1,500 படிகளாக வந்த டோல்கீனின் ‘ஹாபிட்’ நாவலின் முதல் அச்சின் மேலுறையில் லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்ஜ்சனில் ஓர் எழுத்து கூடுதலாக அச்சாகிவிட்டது. பதிப்பகத்தார் அதைப் பேனாவால் கையாலேயே அடித்தார்கள். அந்த மைக்கோடு இன்று ஏலப் பட்டியல்களில் தனியாகக் குறிப்பிடப்படுகிறது.

மேலுறையின் உள்மடிப்பில் விலை இருக்கிறதா, மூலை கத்தரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பரிசாகக் கொடுப்பவர்கள் விலையை வெட்டுவது வழக்கம், அதனால் மதிப்பு குறையும். அமெரிக்க நூலில் விலையே அச்சாகவில்லை, பின்னட்டையின் கீழ் மூலையில் சிறு குழிமுத்திரை இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் புத்தகக் கழகப் பதிப்பு, அதாவது கழகம் தன் உறுப்பினர்களுக்கென்று தனியாக அச்சிட்டது. பார்க்க முதல் பதிப்பு போலவே இருக்கும், சந்தையில் அதன் இடம் மிகக் கீழே.

லேடிபேர்டு என்ற பிரிட்டிஷ் சிறுவர் நூல் வரிசையில் விலைதான் காலக்குறி. பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 அன்று தசம நாணயத்துக்கு மாறியது. இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விலை இருந்தால் அதற்கு முந்தையது. புதிய பென்ஸில் இருந்தால் பிந்தையது. இவற்றுள் பெரும்பாலானவை எளிதாகக் கிடைப்பதால் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ் நூலாக, இதழாக இருந்தால்: காலத்தைக் கணிப்பது

தமிழ்ச் சிறுவர் நூல்களில் எண்வரிசை இருக்காது. ‘முதற் பதிப்பு’, ‘மறுபதிப்பு’ என்று இருந்தால் அதிர்ஷ்டம். பல மலிவுப் பதிப்புகளில் ஆண்டே இருக்காது. ஆனால் ஆண்டைத் தெரிவிக்கும் தடயங்கள் பல உண்டு. இந்தப் பகுதியைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

விலையிலிருந்து தொடங்குங்கள். 1957 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தசம நாணயம் வந்தது. ‘அணா’ என்றோ, ‘ரூ. 1-8-0’ என்று கோடிட்டோ விலை இருந்தால் அதற்கு முந்தையது. அந்த 1-8-0 என்பது ஒன்றரை ரூபாய். ‘ந.பை.’ அல்லது ‘ந.பைசா’ என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ என்ற அடைமொழி விலகியது. வெறும் பைசா என்றால் அதற்குப் பின். மாற்றக் காலத்தில் அணா, நயா பைசா இரண்டையும் சேர்த்து அச்சிட்டவர்களும் உண்டு. விலையின் மேல் ரப்பர் முத்திரை குத்தியோ சீட்டு ஒட்டியோ இருந்தால், தேங்கிய படிகளைப் பின்னாளில் புதிய விலைக்கு விற்றிருக்கிறார்கள். அடியில் இருக்கும் விலைதான் காலத்தைச் சொல்லும். ஒட்டிய சீட்டை உரிக்காதீர்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

அடுத்து முகவரி. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. முகவரியில் 600 என்று தொடங்கும் ஆறு இலக்கம் இருந்தால் நூல் அதற்குப் பிந்தையது. ‘சென்னை-17’ என்று மட்டும் இருப்பது முந்தையது என்பதற்கு உறுதியான சான்றாகாது, பழைய வழக்கத்தைப் பலர் தொடர்ந்தார்கள். மாநிலத்தின் பெயர் ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். இலங்கையில் அச்சானதில் ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முன்.

எழுத்தைப் பாருங்கள். ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போன்ற பழைய கொம்போடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த பழைய வடிவிலும் இருந்தால், தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை இட்டதற்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஈயக் கட்டைகளை மாற்றச் செலவாகும் என்பதால் சில அச்சகங்கள் எண்பதுகளிலும் பழைய எழுத்தையே பயன்படுத்தின. இதைத் துணைச்சான்றாக மட்டும் கொள்ளுங்கள். சீர்திருத்த எழுத்து இருந்தால் பழைய நூலல்ல என்றும் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் திராவிட இயக்க ஏடுகள் அதை முன்பிருந்தே பயன்படுத்தின.

தமிழ் ஆண்டுப் பெயரும் உதவும். ‘துர்முகி ஆண்டு’ என்றால் 1956-57. ஆனால் அறுபதாண்டுச் சுழற்சியில் 1896-97உம் அதுதான், 2016-17உம் அதுதான். விலையோடு சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் அதிலிருந்து 31ஐக் கழியுங்கள். 2000 என்றால் 1969. நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். பத்து இலக்கமானால் 2006 வரை வந்தது, பதின்மூன்று இலக்கமானால் பொதுவாக 2007 ஜனவரிக்குப் பிந்தையது. ₹ என்ற குறி 2010 ஜூலைக்கு முன் கிடையாது.

இவற்றை எப்படிச் சேர்ப்பது? ஒரு கதைநூலில் ஆண்டு இல்லை. விலை 75 ந.பை., முகவரியில் ஆறிலக்க எண் இல்லை, பழைய ‘லை’ இருக்கிறது, பின்னட்டை விளம்பரத்தில் அதே பதிப்பகத்தின் வேறு நூல் ஒன்று ‘புதிய வெளியீடு’ என்று வருகிறது. நயா பைசா இருப்பதால் 1957-64. அந்த விளம்பர நூலின் ஆண்டை நூலகப் பட்டியலில் பார்த்து 1961 என்று கண்டால், உங்கள் நூல் 1961ஐ ஒட்டியது என்று எழுதலாம். பின்னட்டை விளம்பரம் இப்படிப் பயன்படுவதால்தான் அட்டையைப் பிரிக்க வேண்டாம் என்கிறோம்.

சரிபார்க்கச் சென்னையில் இரண்டு இடங்கள். 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம், 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியப் பதிப்பாளர்கள் படி அனுப்ப வேண்டிய நூலகங்களில் ஒன்று. 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழந்தமிழ் அச்சுக்குப் பெயர்போனது. வீட்டிலிருந்தபடி பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டமும், உலக நூலகங்களுக்கு வேர்ல்ட்கேட்டும் உண்டு. பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் பட்டியலிட்ட தமிழ்ப் பெயர்கள் ஒரே மாதிரி இருக்காது.

இதழ்கள், காமிக்ஸ் விஷயத்தில் மாதமும் எண்ணும் அட்டையிலேயே இருப்பதால் காலம் தெளிவு. அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது, முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு, லயன் காமிக்ஸ் 1984இல். இங்கே விலை ஏறுவது தொடக்க இதழ்கள், தீபாவளி மலர், கோடை மலர் போன்ற சிறப்பிதழ்கள், ஒரு தொடரின் விடுபட்ட எண்கள் ஆகியவற்றுக்குத்தான். பழைய கதைகள் பின்னாளில் நல்ல தாளில் மறுபதிப்பாகவும் வந்துள்ளதால், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ‘எழுபதுகளின் படி’ என்று நினைத்துவிடாதீர்கள். வெளியீட்டு எண்ணையும் விலையையும் பாருங்கள். சோவியத் சிறுவர் நூல்களில் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா என்று பெயர் இருக்கும். ராதுகா தனி நிறுவனமானது 1982இல், ஆகவே அந்தப் பெயரில் அறுபதுகளின் நூல் இருக்க முடியாது.

பக்கம் பக்கமாக எண்ணுங்கள்

சிறுவர் நூலில் நடுப்பக்கம்தான் முதலில் போகும். பின் அடித்த இதழின் நடுத்தாள் கழன்றால் நான்கு பக்கம் போய்விடும், கதையும் அங்கேயே அறுந்துவிடும். பக்க எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தைத்த நூல்களில் தாள் எட்டு அல்லது பதினாறு பக்க ஃபாரங்களாக மடிந்திருக்கும். மொத்தப் பக்கம் எட்டால் வகுபடாமல் போனால் ஏதோ குறைகிறதா என்று சந்தேகப்படுங்கள். எண் போடாத வண்ணப்படத் தாள்களைத் தனியாக எண்ணி, படப் பட்டியல் இருந்தால் ஒப்பிடுங்கள். கூப்பன், வெட்டி ஒட்டும் பொம்மை, புதிர்ப்பக்கம், வண்ணம் தீட்டும் பக்கம் எல்லாம் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பேனாவால் விடை எழுதிய குறுக்கெழுத்து ஒரு குறைதான், கூப்பன் வெட்டிய ஓட்டை அதைவிடப் பெரிய குறை, ஏனென்றால் பின்பக்கக் கதையும் சேர்ந்து போகிறது.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது பைண்டு வால்யூம். வார இதழ்களிலிருந்து தொடர்கதையைப் பிரித்தெடுத்துக் காலிகோ துணி முதுகோடு கட்டியவை. தனி இதழ்களாக இவற்றுக்கு மதிப்பில்லை. அட்டை போயிருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் நூலாக வராத தொடரோ, நூலில் சேர்க்காத ஓவியங்களோ அதில் இருந்தால் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. எனவே உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலை எழுதாமல் எடைக்குப் போடாதீர்கள்.

நிலையை மதிப்பிடுவது

உலகச் சந்தையில் ஃபைன், நியர் ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்ற படிநிலைகள் வழக்கம். ‘குட்’ என்று விற்பனையாளர் எழுதினால் நன்கு தேய்ந்த, ஆனால் முழுமையான படி என்று பொருள். நம்மவர்கள் அதை நம்பி வாங்கி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் நூலை ஒரு படி குறைத்தே மதிப்பிடுங்கள்.

முதுகு, மூலைகள், இணைப்பு, தாள், எழுத்து என்ற வரிசையில் பாருங்கள். முதுகின் மேல் கீழ் நுனிகள் சிதைந்திருக்கின்றனவா? அட்டை உடலோடு சேரும் இடம் விட்டிருக்கிறதா? பழைய மலிவு நூல்களில் சாணித்தாளும் நியூஸ்பிரிண்டும்தான். அவற்றில் மரக்கூழின் அமிலத்தால் தாள் பழுப்பாகி நொறுங்கும். ஒரு பக்கத்தின் மூலையை மெதுவாக வளைத்துப் பாருங்கள். விறைத்து எதிர்த்தால் உடனே விட்டுவிடுங்கள், மடித்தால் ஒடியும். சீரான பழுப்பை வாங்குபவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தண்ணீர்க் கறை, பூசணம், ராமபாணத் துளை, துருப்பிடித்த பின் ஆகியவற்றைப் பொறுப்பதில்லை. பூசணம் மற்ற நூல்களுக்கும் பரவும் என்பதால் கடைக்காரர்கள் நேரே மறுத்துவிடுவார்கள்.

பெயர் எழுதியிருப்பது எப்போதும் குறையல்ல. ‘மூன்றாம் பரிசு’ என்ற பள்ளி ஒட்டுச்சீட்டு விலையைப் பெரிதாகக் குறைக்காது. ஆசிரியரோ ஓவியரோ கையொப்பமிட்டிருந்தால் ஏறும். வாடகை நூலக முத்திரை, அதிலும் படத்தின் மேலேயே குத்தியது, நிச்சயம் குறைக்கும். மிக அரிதான நூலுக்கு மட்டும் அது தடையில்லை.

அசலா, நகலா

விலை உயர்ந்த மேலுறைகளுக்கு வண்ண நகல் எடுத்து அணிவிப்பது உலகெங்கும் உண்டு. லென்ஸில் பாருங்கள். பழைய ஈய எழுத்து அச்சில் எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கி நிற்கும், தாளின் பின்புறம் தடவினால் அழுத்தம் தட்டுப்படும். பின்னாளைய ஆஃப்செட் அச்சில் தாள் சமதளம், படம் ஒழுங்கான வண்ணப் புள்ளிகள். கணினிப் பிரிண்டரில் சிதறிய பொடிப்புள்ளிகள் தெரியும், எழுத்தும் புள்ளிகளால் ஆனதாக இருக்கும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் நவீனத் தாள் நீலவெள்ளையாக ஒளிரும், ஏனென்றால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. நாற்பதுகளின் நூல் அப்படி ஒளிர்ந்தால் அந்தத் தாள் அந்தக் காலத்தது அல்ல. டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள். ஒளிராதது மட்டுமே அசலுக்குச் சான்றாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலையைத் தேடுவது

கேட்கும் விலையையும் விற்ற விலையையும் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே முழு வேலை. ஏப்புக்ஸ் போன்ற தளங்களில் காண்பது விற்பவர் கேட்கும் தொகை. பத்து ஆண்டுகளாக விற்காமல் கிடக்கும் படியும் அதே பட்டியலில் இருக்கும். ஈபேயில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைத் தேர்ந்தால் ஏறத்தாழ கடந்த 90 நாள் விற்பனை தெரியும். விலை கோடு அடித்துக் காட்டப்பட்டிருந்தால் பேரம் பேசி அதைவிடக் குறைவாகப் போயிருக்கிறது. பெரிய நூல்களுக்கு ஹெரிட்டேஜ், கிறிஸ்டீஸ், சோதபீஸ், போன்ஹம்ஸ் ஆகியவற்றின் பழைய ஏல முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். அங்கே அச்சாகும் தொகையில் வாங்குபவர் செலுத்தும் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். விற்பவர் கைக்கு வருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு.

தமிழ் நூல்களுக்கு இத்தகைய பொதுப் பதிவு மிகக் குறைவு. சேகரிப்பாளர் குழுக்களில் ‘விற்றது’ என்று முடிந்த பதிவுகளைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். சென்னையின் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் சென்ட்ரல் அருகே லில்லி பாண்ட் வளாகத்துக்கு வந்த கடைகளிலும், திருவல்லிக்கேணியிலும், மயிலாப்பூரிலும் பழைய புத்தகம் விற்பவர்களிடம் நேரில் கேளுங்கள். ‘இது என்ன விலை போகும்?’ என்று கேட்காமல், ‘இதைப்போல ஒன்று உங்களிடம் இருந்தால் என்ன விலைக்குத் தருவீர்கள்?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் உண்மைக்கு அருகில் இருக்கும்.

ஒப்பிடும்போது அதே அச்சு, அதே நிலை என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எடுத்துக்காட்டுக்கு, உங்கள் இதழைப் போன்ற ஆறு படிகள் 400, 650, 700, 750, 900, 2,800 ரூபாய்க்கு விற்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்தால் 1,000 ரூபாய்க்கு மேல் வரும்; அது தவறான எண். 2,800க்குப் போனது ஏன் என்று பாருங்கள், ஓவியரின் கையொப்பம் இருந்திருக்கும். 400க்குப் போனதில் நடுத்தாள் இல்லை. இரண்டையும் நீக்கினால் 650-900 என்பதுதான் சேகரிப்பாளர் நேரடியாகக் கொடுக்கும் விலை. கடைக்காரர் அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தருவார். அது ஏமாற்றல்ல, அவருக்கு இடமும் காத்திருப்பும் செலவு. காப்பீட்டுக்கு எழுதும் தொகை வேறு: அதே போன்ற படியைக் கடையில் திரும்ப வாங்க எவ்வளவு ஆகுமோ அது.

ஒரே தலைப்பு பல இடங்களில் எப்போதும் கிடைக்கிறது என்றால், அட்டையில் எவ்வளவு பழைய ஆண்டு இருந்தாலும் விலை ஏறாது. எங்குமே கிடைக்கவில்லை என்றாலும் உடனே மகிழாதீர்கள், தேடுபவரே இல்லாமலும் இருக்கலாம். கிடைக்காததும் தேடப்படுவதும் சேர்ந்திருக்க வேண்டும்.

விற்கவோ மதிப்பீட்டுக்கு அனுப்பவோ

நிபுணருக்கு அனுப்பும் படங்கள்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், நடுப்பக்கம், மிக மோசமான குறை இருக்கும் இடம், கையெழுத்து ஏதும் இருந்தால் அது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். வடிகட்டி எதுவும் போடாதீர்கள். பழுப்பு மறைந்த படம் பிறகு தகராறில் முடியும். உங்கள் நூலை வாங்க விரும்புபவரே அதை மதிப்பிடுவதைத் தவிருங்கள், குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

தொகுப்பாக இருந்தால் பிரிப்பதற்கு முன் யோசியுங்கள். ஓர் ஆண்டின் பன்னிரண்டு இதழ்களும் தொடர்ச்சியாக இருப்பது தனித்தனியாக விற்பதைவிட நல்ல விலை தரலாம். நல்ல இதழ்களை மட்டும் பொறுக்கிக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை எடைக்குத்தான் போட வேண்டி வரும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் ஒரு சட்டம் கவனத்தில் இருக்கட்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த பொருட்களுக்கும், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள எழுபத்தைந்தாண்டு கடந்த கையெழுத்துப் படிகள், ஆவணங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வைக்கிறது. 1900ஐ ஒட்டிய நூலையோ, ஓவியரின் பழைய மூலச் சித்திரத்தையோ தபாலில் போடுவதற்கு முன் தொல்லியல் துறையின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்நாட்டில் அனுப்பும்போது நூலை அமிலமற்ற தாளில் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் உறை, இருபுறமும் நூலைவிட ஒரு விரல் அகலம் பெரிதான கெட்டி அட்டை, பிறகு அட்டைப்பெட்டி என்ற வரிசையில் கட்டுங்கள். டேப் எக்காரணம் கொண்டும் நூலையோ அதன் உறையையோ தொடக்கூடாது. வாங்குபவர் கத்தியால் பெட்டியைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தே கட்டுங்கள். மேல்பக்கத்தில் ஓர் அட்டை கூடுதலாக இருந்தால் கத்தி அங்கேயே நிற்கும்.